சிறு காரின் மதிப்பு

நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவுகளை வரிசைப்படுத்தினால் வீடு, மக்களின் கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தை இன்று கார் பெற்றுவிட்டது. ஒரு காலத்தில் கார் என்பது செல்வர் வீட்டு வாசலுக்கே உரிய பொருளாக இருந்தது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாருதி 800 வெளிவந்தபோது அந்நிலை மாறத் தொடங்கிற்று. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சினைக் கொண்ட அந்தக் கார், 2014ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில், 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோவும், 2000இல் ஆல்டோவும், 2009இல் நானோவும் வந்தன. இருசக்கர வண்டியில் நால்வராக ஏறிச் செல்லும் குடும்பங்களைக் கண்டதே நானோவுக்கு வித்தாயிற்று என்று ரத்தன் டாட்டா கூறியதை நம்மில் பலர் அறிவோம்.

இவை யாவும் ஹாட்ச்பேக் என்னும் வகையைச் சேர்ந்தவை. பின்புறம் சாமான் பெட்டி தனியாக நீண்டிராமல், கூரையோடு இணைந்த பின்கதவு பொதுவாக மேல்நோக்கித் திறக்கும் அமைப்பு இது. குறைந்த நீளத்தில் நிறைந்த இடம் என்பதே இதன் தத்துவம். நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2006ஆம் ஆண்டு மத்திய அரசு வரிச் சலுகை அளித்தது. அன்று முதல் அந்த அளவுக்கு உட்பட்டே கார்களை வடிவமைக்கும் வழக்கம் நம் நாட்டில் வலுப்பெற்றது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் இத்தகைய சிறு கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; முன்பு அதன்மேல் விதிக்கப்பட்டு வந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. ஆதலால், முதன்முதலாகக் கார் வாங்க எண்ணுவோர் தொகை பெருகுவது இயல்பே.

அவ்வாறு எண்ணுவோர் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். கொடுக்கும் பணத்துக்குத் தக்கதா? அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா? ஆபத்தில் உயிரைக் காக்குமா? இம்மூன்றும் இந்த வரிசையிலேயே கேட்கப்படுகின்றன. முதல் இரண்டுக்கும் போக மிஞ்சியது மூன்றாவதற்கு என்று விடப்படுகிறது. உண்மையில் இவை மூன்று கணக்குகள் அல்ல, ஒரே கணக்கின் மூன்று இனங்களே. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படுவது விற்பனைக் கூடத்து விலை, அதாவது எக்ஸ்-ஷோரூம் விலை. வண்டி சாலைக்கு வருமுன் அதன்மேல் மாநிலத்துச் சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகியவை சேர்கின்றன. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்பினருக்கான இன்ஷூரன்ஸ் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டு வருகிறது. எனவே இரண்டு கார்களை ஒப்பிடுவோர், அனைத்தும் அடங்கிய இறுதித் தொகையை எழுத்து மூலமாகப் பெற்று ஒப்பிடுவதே முறை.

அடுத்தது கடன். 4 லட்ச ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 98,000 ரூபாய். ஏழு ஆண்டுகளாக நீட்டினால் தவணை சுமார் 6,440 ரூபாயாகக் குறையும். ஆனால் வட்டியோ ஏறத்தாழ 1,40,000 ரூபாயாக உயரும். தவணை சிறியது என்பதனாலேயே கார் மலிவு ஆகிவிடாது.

மூன்றாவதாக எரிபொருள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது நம் நாட்டில் கார் வாங்குவோர் மறவாமல் கேட்கும் கேள்வி. புனேயில் உள்ள இந்திய மோட்டார் ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் சான்றளிக்கும் எண்கள் சோதனைக் கூடத்தில், வகுத்த முறைப்படி ஓட்டிப் பெறப்படுபவை. நெரிசலிலும் குளிர்சாதனத்தோடும் ஓடும்போது கிடைப்பது அதனினும் குறைவாகவே இருக்கும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தையும், கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்னும் விலையையும் கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காருக்கு ஆண்டுச் செலவு 50,000 ரூபாய். 16 கிலோமீட்டர் தரும் காருக்கு 62,500 ரூபாய். வேறுபாடு மாதத்துக்கு ஏறத்தாழ 1,040 ரூபாய். இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது மீண்டும் தேவைப்படும்.

இனி அன்றாடப் பயன். சாமான் வைக்கும் இடத்தை லிட்டர் அளவில் குறிப்பது வழக்கம். ஆல்டோ கே10 காரில் அது 214 லிட்டர்; டியாகோவில் 242; வாகன் ஆரில் 341. எண்ணைப் பார்த்தால் போதாது, பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடும் கார்களில் வாயுக்கலம் இந்த இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஒரே பெரிய கலத்துக்கு மாறாக இரண்டு சிறு கலங்களைத் தரையின் அடியில் பொருத்தும் முறை 2023இல் அறிமுகமானதும் இக்குறையைப் போக்கவே. எரிவாயுவினால் செலவு குறைவது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஊருக்குச் செல்லும் குடும்பம், அந்த மூட்டைகள் எங்கே அமரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

முழங்கால் வலி உள்ள முதியவர் வீட்டில் இருந்தால், அவரையே அழைத்துச் சென்று ஏறி இறங்கச் செய்து பார்க்க வேண்டும். தாழ்ந்த இருக்கையைவிட உயர்ந்த இருக்கையே அவருக்கு உகந்தது. பின் இருக்கையில் மூவர் அமர இயலுமா, மூன்று பேருக்கும் இருக்கைப் பட்டைகள் எட்டுகின்றனவா, பழுதைச் சீராக்கும் பணிமனை நம் ஊரில் உண்டா, உதிரிப் பாகம் எளிதில் கிடைக்குமா என்பவையும் இவ்வகைக் கேள்விகளே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் விற்கும்போது கிடைக்கும் விலையை இவையே பெரிதும் முடிவு செய்கின்றன.

இப்போது உயிர்க் காப்புக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இத்தொகையின் கனத்தை உணர்ந்தோருக்கு, காரின் காப்பு அலங்காரப் பொருள் அன்று என்பது விளங்கும்.

மோதும்போது நிகழ்வது என்ன? ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிப்படி பெருகுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் ஒரு நொடியின் சிறு பகுதியில் எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். நன்கு அமைந்த காரில் முன்பகுதி நசுங்கி அதனை ஏற்றுக்கொள்ளும். மக்கள் அமர்ந்திருக்கும் கூடு நசுங்காமல் நிற்கும். இருக்கைப் பட்டை உடலைப் பிடித்து நிறுத்தும். காற்றுப் பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்து தலையையும் மார்பையும் தாங்கும். கூடு, பட்டை, பை என்னும் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. கூடு சிதைந்தால் பையினால் பெரும் பயன் இல்லை. பட்டை அணியாவிடில் விரியும் பையே காயப்படுத்தவும் கூடும்.

இதனை நமக்குத் தெளிவாக உணர்த்தியது 2014ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ஒரு சோதனை முடிவு. குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தும் பெரியவர்களுக்கான காப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. எனினும் அவற்றுள் ஒரு வேறுபாடு காணப்பட்டது. முதல் மூன்றின் கூடுகள் நிலைகுலைந்தன. ஃபிகோ, போலோ இரண்டின் கூடுகளும் உறுதியாக நின்றன. காற்றுப் பைகள் இரண்டு பொருத்திய போலோவை மீண்டும் சோதித்தபோது அது நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. ஒரே கார், ஒரே கூடு. பைகள் சேர்ந்ததும் பூச்சியம் நான்காயிற்று.

அதன்பின் சட்டம் படிப்படியாக இறுகிற்று. மோதல் சோதனை விதிகள் புதிய வடிவங்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏனைய கார்களுக்கு 2019 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி முன்புற மோதலின் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். 56க்கும் 64க்கும் உள்ள இடைவெளி சிறிதெனத் தோன்றலாம். ஆற்றல் கணக்கில் அது ஏறத்தாழ 30 சதவீதம். திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப் பை 2019 ஜூலை முதலும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. முன் இருக்கையில் உடன் அமர்பவருக்கான பை, 2021 இறுதியோடு முடிந்த கால நீட்டிப்புக்குப் பின் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. 2025இல் ஆல்டோ கே10 போன்ற மலிவான காரிலும் ஆறு பைகள் எல்லா வகைகளிலும் பொருத்தப்பட்டன. இயலாது என்று கருதப்பட்டது பத்தாண்டுகளில் இயன்றது.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் இந்தியத் தரமதிப்பீடு நடைபெற்று வருகிறது. உற்பத்தியாளர் விரும்பினால் தம் காரைச் சோதனைக்கு அளிக்கலாம்; கட்டாயம் இல்லை. நட்சத்திரங்களைப் படிப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. குளோபல் என்கேப் அமைப்பு 2022ஆம் ஆண்டு நடுவில் தன் சோதனைகளைக் கடினமாக்கியது. ஆதலால் டியாகோ 2020இல் பெற்ற நான்கு நட்சத்திரங்களையும் ஆல்டோ கே10 2023இல் பெற்ற இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எந்த ஆண்டு, எந்த விதிமுறை, எத்தனை பைகள் பொருத்திய வகை என்பனவற்றைக் கேட்க வேண்டும். மேலும், முன்புறச் சோதனை பெரும்பாலும் தன்னை ஒத்த எடையுள்ள காரோடு மோதுவதையே ஒத்திருப்பது. பாரம் ஏற்றிய லாரியோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அது விடையளிப்பதில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். காப்புச் சாதனங்களைக் கூட்டக் கூட்ட விலை உயரும்; விலை உயர்ந்தால் இருசக்கர வண்டியிலிருந்து காருக்கு மாற எண்ணிய குடும்பம் அந்த வண்டியிலேயே தங்கிவிடும்; அது இன்னும் பெரிய ஆபத்தன்றோ என்பது அம்மறுப்பு. இதனைப் புறக்கணித்தல் தகாது. 2022இல் சாலையில் இறந்தோருள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். மழைக்கும் தூசுக்கும் மட்டுமின்றி, மோதலுக்கும் மிகச் சாதாரணமான கார்கூட ஓரளவு அரணாகும். ஆனால் இந்த வாதம், காரே இல்லாமைக்கும் எளிய காருக்கும் இடையே தெரிவு செய்வோருக்கே பொருந்தும். கார் வாங்குவதென்று முடிவு செய்தபின், அலங்காரச் சக்கரத்துக்கும் பெரிய தொடுதிரைக்கும் தொகை ஒதுக்கிவிட்டுக் காப்புக்கு மட்டும் கணக்குப் பார்ப்போருக்கு இது விடையாகாது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையே அது.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். உறுதியான கூடும் நல்ல மதிப்பெண்ணும் உள்ள கார், மற்றொன்றைவிட 50,000 ரூபாய் அதிகம் என்று கொள்வோம். ஐந்து ஆண்டுக் கடனில் அதற்கான கூடுதல் தவணை மாதம் சுமார் 1,040 ரூபாய். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் குறைவதனால் ஏற்படும் செலவும் அதே தொகைதான். அந்த நான்கு கிலோமீட்டருக்காகக் கடை கடையாக விசாரிக்கும் நாம், உயிர்க் காப்புக்காக ஒரு கேள்வியேனும் கேட்கிறோமா என்பதே சிந்திக்கத் தக்கது.

ஆகவே, கார் வாங்குவோர் தம் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில், தம் வசதிக்குள் அடங்கும் கார்களில் மோதல் சோதனை முடிவு வெளியானவற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அவற்றுள் கூடு உறுதியாக நின்றவற்றைக் கொள்ள வேண்டும். அதன்பின் குடும்பத்துக்கு ஏற்ற இடமும், பணிமனை வசதியும், எரிபொருள் சிக்கனமும் பார்த்துத் தெரிவு செய்யலாம். பட்டியல் சிறுத்தாலும் மனம் தெளியும்.

இறுதியாக, எந்தக் காரிலும் கூடுதல் விலையின்றிக் கிடைக்கும் காப்பு ஒன்று உண்டு. அது இருக்கைப் பட்டை. பின் இருக்கையில் இருப்போரும் அதனை அணிவது சட்டப்படி கட்டாயம். தவறினால் 1,000 ரூபாய் அபராதம். பட்டை அணியாமல் பின்னே அமர்ந்தவர், மோதலின்போது தாம் மட்டும் காயமுறுவதில்லை. முன்னே இருப்பவர் மீதும் அதே வேகத்தில் வீழ்கிறார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அன்பின் செயலாகத் தோன்றினும், மோதலின் விசையை எந்தத் தாயின் கரமும் தாங்க இயலாது. குழந்தைக்கென அமைந்த இருக்கையைப் பின்புறத்தில் பொருத்துவதே தகும். புதிய கார் வீட்டுக்கு வரும் நாளில் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்க மறவாத நாம், அந்த இருக்கையையும் அன்றே வாங்கிவிடலாம்.