பூனையைத் தத்தெடுக்கப் போறீங்களா? ஒரு மணி நேர டிக்கெட், 15 வருஷ செலவு!

சம்பளம் வந்த முதல் வாரம். ஆபீஸ் நண்பர்களோட ஒரு கேட் கஃபேக்குப் போறீங்க. காபி வர்றதுக்குள்ள ஒரு பூனை வந்து உங்க மடியில படுத்துக்குது. பக்கத்துல 'இவளைத் தத்தெடுக்கலாம்'னு ஒரு போர்டு. மனசு உடனே "சரி"ன்னு சொல்லும். பர்ஸ் என்ன சொல்லும்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இந்த கஃபே எப்படி இயங்குது?

உலகின் முதல் கேட் கஃபே 1998-ல் தைவானின் தைபேயில் தொடங்கியது. அப்புறம் ஜப்பானில் பிரபலமாச்சு. 2014-ல் அமெரிக்காவின் ஓக்லாண்டில் வந்த 'கேட் டவுன்' இதைத் தத்தெடுப்புக்கான இடமா மாத்துச்சு. நகர விலங்குகள் காப்பகத்தின் கூண்டில் பயந்து ஒடுங்கிப் போகும் பூனைகளை இங்கே கொண்டு வந்து, திறந்த அறையில் பழக விடுவாங்க. மனுஷங்க வந்து பார்த்து, பிடிச்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். நம்ம நாட்டில் மும்பை வெர்சோவாவில் தொடங்கிய 'கேட் கஃபே ஸ்டூடியோ'வும் மீட்கப்பட்ட பூனைகளை வச்சு வந்ததுதான்.

ஆனா எல்லா கேட் கஃபேவும் இப்படி இல்ல. சில இடங்களில் விலை உயர்ந்த ஜாதிப் பூனைகளை நிரந்தரமா வச்சிருப்பாங்க. அதனால உள்ள போனதும் மூணு கேள்வி கேளுங்க:

1. பூனைகள் எங்கிருந்து வந்தவை?
2. தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சதா?
3. தத்தெடுத்த பிறகு ஒத்துவரலைன்னா திரும்ப எடுத்துப்பீங்களா?

ரெண்டாவது கேள்விக்கு "ஆமா"ன்னா, ஆரம்பச் செலவில் பெரிய பகுதி உங்களுக்கு மிச்சம்.

டிக்கெட் காசு வீண் இல்ல

பூனை அலர்ஜி இருக்கிறது பலருக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் தெரியும். பல பூனைகள் இருக்கிற அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தா தும்மல், கண் அரிப்பு வருதான்னு ஓரளவு தெரிஞ்சிடும். ரெண்டு மூணு தடவை போங்க. தூங்குற பூனையைத் தூக்காதீங்க, அதுவா வரட்டும்.

ஒரு வரி விஷயம்: நுழைவுக் கட்டணம் நன்கொடை ஆகாது. கஃபேயை நடத்துற அமைப்புக்கு நன்கொடை வரிச்சலுகைக்கான பதிவு இருந்து, தனியா நன்கொடை கொடுத்து ரசீது வாங்கினாதான் வரிச்சலுகை. அதுவும் பழைய வரி முறையில் மட்டும்.

இப்போ கணக்குக்கு வருவோம்

இது மாதிரிக் கணக்குதான். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- சாப்பாடு, மணல்: மாசம் 2,000 ரூபாய்
- தடுப்பூசி, பூச்சி மருந்து (வருஷச் செலவை 12-ஆல் வகுத்து): 500 ரூபாய்
- அவசர சிகிச்சைக்குச் சேமிப்பு: 500 ரூபாய்

மொத்தம் மாசம் 3,000. வருஷத்துக்கு 36,000. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருஷம் வாழ்றது சாதாரணம். விலைவாசி ஏறாதுன்னு வச்சுக்கிட்டாலே 5,40,000 ரூபாய்! கைக்கு 35,000 சம்பளம் வாங்குறவருக்கு மாசாமாசம் சுமார் 8.6%.

பணத்தை விட முக்கியமான ஒண்ணு: வீடு

அப்பார்ட்மென்ட் சங்கம் செல்லப்பிராணிகளுக்கு மொத்தமா தடை போடக் கூடாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. ஆனா உங்க வீட்டு ஓனர் அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. நாளைக்கே பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா? ஆன்சைட் வாய்ப்பு வந்தா? ரூம்மேட் காலி பண்ணிட்டா? பூனையை யார் பார்த்துப்பாங்கன்னு ஒரு பேராவது உங்ககிட்ட இருக்கணும்.

மூணு மாச டெஸ்ட்

தத்தெடுக்கிறதுக்கு முன்னாடி மூணு மாசம், மாசம் 3,000-ஐ தனி அக்கவுன்ட்டில் போட்டு வைங்க. அதைத் தொடாம இருக்க முடிஞ்சா நீங்க ரெடி. சேர்ந்த 9,000-ல் கேரியர், மணல் தட்டு, பால்கனி வலைன்னு ஆரம்பச் செலவைத் தொடங்கலாம்.

முடியலையா? தப்பே இல்ல. மாசம் ஒரு தடவை கஃபேக்குப் போங்க. உங்க டிக்கெட் காசு அங்க இருக்கிற பூனைகளோட சாப்பாட்டுக்கு உதவும். ஏற்கனவே ஒரு தடவை தெருவில் விடப்பட்ட பூனை அது. ஆறு மாசத்தில் திரும்பக் கொண்டு போய் விடுறதை விட, ஆறு மாசம் பொறுத்துத் தத்தெடுக்கிறது அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.