மழையில் தனுஷ்கோடி

போன ஐப்பசியில் அம்மாவை ராமேஸ்வரம் அழைத்துப் போனேன். ஒரே மழை! 22 தீர்த்தமும் ஆடினால் வயசான உடம்பு தாங்காதென்று, அக்னி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு சாமி கும்பிட்டோம். தூறல் விட்டதும் தனுஷ்கோடி. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு இருப்பதால், மணலில் நடக்கிற சிரமமில்லை.

இடிந்த சர்ச்சைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். 1964 மார்கழிப் புயலில் கடல் கொண்ட ஊராயிற்றே! "நீ அப்பக் கைக்குழந்தை கண்ணு. ரயிலோட அத்தன சனமும் போச்சே! அலைகிட்டப் போகாதே" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அறுபது வயசு எனக்கு!

சகோதரிகளே, பெரியவர்களோடு போனால் மாற்றுப்புடவை, துண்டு, பிளாஸ்க்கில் சுக்குக்காப்பி அவசியம். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள்.

— ஒரு வாசகி, கோவை.