செப்புத் தகடும் செங்கதிரும்

கூரைமீது சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் சூரிய மின்தகட்டைக் காண்போரிற் பலர், வெயிலின் சூடே அதனுள் மின்சாரமாக மாறுகின்றது என எண்ணுகின்றனர். மாணவரிடையே மட்டுமன்றி, கற்ற பெரியோரிடையேயும் இவ்வெண்ணம் உண்டு. உண்மையில் அத்தகட்டுக்குச் சூடு பகை. சிலிக்கன் தகடு ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் தன் வலுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 பங்கை இழக்கின்றது. கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட இடம் விட்டுப் பொருத்துவது இதனாலேதான். மின்சாரத்தை எழுப்புவது ஒளியே.

இதனை நம் வீட்டு அடுக்களையிலேயே கண்ணாரக் காணலாம். கையகலமான மெல்லிய செப்புத் தகடொன்றை அரத்தாளால் நன்கு துலக்கி, மின்னடுப்பின்மேல் வைத்து உச்ச வெப்பத்திற் காய்ச்ச வேண்டும். தகடு முற்றாகக் கறுத்தபின்னும் அரைமணி நேரம் விட்டுவைத்தல் அவசியம். பின்னர் அடுப்பை அணைத்துத் தகட்டைத் தானாக ஆறவிடுக. இங்கே அவசரம் உதவாது. மெல்ல ஆறும்போது கரிய படை சுருங்கிச் செதில் செதிலாகக் கழன்றுவிடும். எஞ்சியதை ஓடும் நீரில் விரலால் மெதுவாகத் தேய்த்தாற் போதும், சுரண்டலாகாது. அடியிற் காணப்படும் செந்நிறப் படையே நமக்கு வேண்டியது. இரசாயன நூலார் இதனைக் குப்பிரசு ஒட்சைட்டு என்பர்.

இத்தகட்டையும் காய்ச்சாத இன்னொரு செப்புத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாதவாறு வாயகன்ற போத்தலொன்றினுள் நிறுத்தி, கறியுப்புக் கரைசலை ஊற்றுக. தகடுகளின் மேல்விளிம்பும் கம்பிகளும் நனையாதிருத்தல் வேண்டும். மைக்குரோ அம்பியர்மானி ஒன்றை இணைத்தால், நிழலிலேயே முள் சிறிது அசையும். அது சாதாரண மின்கலத்தின் செயல். போத்தலை வெயிலில் வைத்ததும் முள் மேலேறும். உள்ளங்கையால் மறைத்தால் உடனே இறங்கும். கிடைக்கும் மின்னோட்டம் மிக அற்பம். மின்குமிழ் எதுவும் எரியாது.

குறைகடத்திகளில் இலத்திரன்கள் அணுக்களோடு பிணைந்து கிடக்கின்றன. ஒளி சிறு சிறு பொதிகளாக வந்து மோதுகின்றது. ஒரு பொதியின் சக்தி போதியதாயின் இலத்திரன் விடுபடும். விடுபட்டது மீண்டும் பழைய இடத்தில் விழாதபடி அதனை ஒருதிசையிற் செலுத்தும் எல்லையொன்றும் வேண்டும். நமது போத்தலில் ஒட்சைட்டும் உப்புநீரும் சந்திக்குமிடமே அவ்வெல்லை. சிலிக்கன் தகட்டிலோ போரன் கலந்த பகுதியும் பொசுபரசு கலந்த பகுதியும் சந்திக்குமிடம் அது. 1839இல், பத்தொன்பது வயதினரான பிரெஞ்சு இளைஞர் எட்மொண்ட் பெக்கரெல், தந்தையாரின் ஆய்வுகூடத்தில் கரைசலில் அமிழ்த்திய உலோகத் தகடுகளிலேதான் இவ்விளைவை முதன்முதல் கண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் 1954இல் செய்து காட்டிய சிலிக்கன் கலம், தன்மேல் விழுந்த ஒளிச்சக்தியில் நூற்றுக்கு 6 பங்கை மின்னாக்கியது. இன்று கடைகளிற் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 பங்கையும் தாண்டுகின்றன.

சிலிக்கன் துண்டங்களை வாங்கி வீட்டிலேயே தகடு கோப்போரும் உளர். ஒரு துண்டம் ஏறத்தாழ 0.5 உவோற்றுத் தரும். 36 துண்டங்களைத் தொடராகப் பற்றாசு வைத்தால், 12 உவோற்றுப் பற்றரிக்கு மின்னேற்றப் போதுமானது. 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இக்கைவேலை அரிதன்று. ஆயினும் துண்டங்கள் அப்பளம்போல் நொறுங்குவன. கடற்காற்றின் ஈரம் சிறு இடுக்கினூடும் புகுந்து பற்றாசை அரித்துவிடும். விளக்கெரிய விரும்புபவர் ஆலையில் அடைத்து முத்திரித்த தகட்டை வாங்குவதே மேல். விளங்கிக்கொள்ள விரும்புபவருக்குச் செப்புத் தகடு போதும்.

ஆசிரியர்கள் வகுப்பில் இன்னும் ஒரு படி செல்லலாம். போத்தலின் முன்னே சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்தால், கடும் வெயிலிலும் முள் பெரிதும் தாழ்ந்துவிடும். சிவப்பொளியின் பொதிகள் எத்தனை வந்து விழுந்தாலும், குப்பிரசு ஒட்சைட்டின் இலத்திரனை விடுவிக்கத் தனித்தனியே அவற்றுக்கு வலிமை போதாது. ஒளி பொதிகளாக வருகின்றது என்று 1905இல் ஐன்ஸ்ரைன் எழுதியதை மாணவருக்குக் கூறவேண்டிய தருணம் அதுவே.