ஒரு மின்னல், இரு பொருள்

சில ஆண்டுகளுக்கு முன், மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டு, இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனரின் காரில் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தேன். லஸ் முனைக்கு அருகே ஒரு தெருவினுள் வலப்புறம் திரும்ப அவர் காத்திருந்தார். எதிரே வந்த வேன் முகப்பு விளக்கை இருமுறை மின்னவிட்டது. “வழி விடுகிறார்” என்று கூறிக் காரை நகர்த்தினார். வேனோ நிற்கவில்லை; ஒரு சாண் இடைவெளியில் எங்களைக் கடந்தது. பின்னிருக்கையில் அவருடைய இரு குழந்தைகள்!

இங்கிலாந்தில் ஓட்டுநர் பலரும் இச்சைகையை ‘நீங்கள் முதலில் செல்லுங்கள்’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். நம் சென்னையிலோ ‘நான் வருகிறேன், நில்’ என்பதே அதன் பொருள். வளைகுடா நெடுஞ்சாலைகளில் பின்னாலிருந்து மின்னினால் ‘விலகு’ என்று கொள்ளவேண்டும். வியப்பென்னவெனில், இங்கிலாந்தின் சாலைவிதி நூல் அந்நாட்டு வழக்கத்தையே ஏற்கவில்லை. தாம் இருப்பதை உணர்த்த மட்டுமே விளக்கை மின்னவிடலாம்; பிறர் மின்னுவதைச் செல்வதற்கான அழைப்பாகக் கருதலாகாது என்கிறது அது.

நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களில் பகலிலும் விளக்குத் தானே எரிகிறது. அதன் பின்னரும், ‘விளக்கை அணையுங்கள்’ என்று எதிரே வருவோர் விரல்களை மடக்கி விரித்துக் காட்டுவதை அடையாற்றிலும் தியாகராய நகரிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். பழக்கம் எளிதில் விடுமா!

மைத்துனர் இப்போது இங்கு வந்தால் எதிர்வண்டியின் விளக்கைப் பார்ப்பதில்லை. சக்கரம் நின்றுவிட்டதா என்றே பார்க்கிறார்.