காற்றைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

கரைக்கு அப்பால் – 9

சாணக்யபுரியின் கௌடில்யா மார்க்கில்தான் வைகை தமிழ்நாடு இல்லமும் இலங்கைத் தூதரகமும் இருக்கின்றன. சத்ய மார்க் பக்கம் போனால் மலேசியத் தூதரகம். சாந்திபத்தில் ஆஸ்திரேலியாவும் பிரான்சும். மோமோவுக்குப் பேர்போன யஷ்வந்த் பிளேஸில் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் அலுவலகம். இந்தியாவில் பாய்மரப் படகு விளையாட்டுக்குத் தலைமைச் சங்கம் அதுதான். வெதுவெதுப்பான கடலில் பாய் விரிக்க ஆசைப்படும் டெல்லித் தமிழருக்குக் காகித வேலை முழுவதும் ஆட்டோ தூரத்தில் முடிந்துவிடும்.

அதனாலேயே பலரும் காகிதத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு எப்போது லீவு, எந்த நாட்டு விசா சுலபம், டிக்கெட் எப்போது மலிவு என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் படகு தேடுகிறார்கள். ஓட்டல் அறைக்கு இந்த வரிசை சரி. பாய்மரப் படகுக்கு ஆகாது. எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று தெரிந்த பிறகுதான் தீவையே முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

நம் கடற்கரையில் இதை யாரும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. பாம்பனிலோ யாழ்ப்பாணத்திலோ கடலுக்குப் போகும் பெரியவரைக் கேளுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக் காற்றையும் பேர் சொல்லிப் பிரித்து, எது எப்போது ஓங்கும், எப்போது அடங்கும் என்று சொல்லிவிடுவார். விடுமுறைப் பயணிக்கு வேண்டிய கணக்கும் அதேதான்.

டெல்லி வீட்டின் நாட்காட்டியில் அதைப் பொருத்திப் பார்ப்போம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே நடுவிலிருந்து ஜூன் முடிய. தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலை எட்டுவது மே மூன்றாம் வாரத்தையொட்டி. கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. அதாவது நம் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் அதே நாட்களில் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, புக்கெட்டின் மேற்குக் கரை அத்தனையிலும் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருக்கும். லட்சத்தீவில் அந்த மாதங்களில் தீவுகளுக்கிடையே சிறு படகுகள் ஓடுவதே இல்லை. குழந்தைகளோடு முதன்முறை போகிறவர்கள் மே, ஜூனில் இந்தக் கடல்களை மறந்துவிடுவதே நல்லது.

அதே காற்றுக்கு ஒதுங்கி நிற்கும் கரை ஒன்று இருக்கிறது, அதுவும் தமிழ் பேசும் கரை. இலங்கையின் நடுமலைகள் தென்மேற்குக் காற்றின் ஈரத்தையும் வேகத்தையும் மேற்கிலேயே வாங்கிக்கொள்வதால், மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைப் பக்கம் வானம் தெளிந்து கிடக்கும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே கடல்சார் தேசியப் பூங்காவான புறாத்தீவு. கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரம். வாரக்கணக்கில் தங்கும் வாடகைப் பாய்மரப் படகுகள் இலங்கையில் குறைவுதான், கிடைப்பவையும் பெரும்பாலும் கேப்டனோடு சேர்த்தே கிடைக்கும். ஆனால் டெல்லியின் கோடை விடுமுறைக்குக் காற்று ஒத்துவரும் மிக அருகிலான கடல் இதுதான் என்பது என் கருத்து. படகுக்காரரோடு மொழிச் சிக்கலும் இல்லை. கடலில் அது சின்ன விஷயமே இல்லை.

செலவு கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்குக் குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகள் உண்டு. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், புயலும் இல்லை, விஷ ஜெல்லிமீன் பருவமும் முடிந்திருக்கும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கும். அங்கே படகை வாடகைக்கு எடுக்க உரிமம் கேட்பதில்லை; படகு நிறுவனமே சொல்லிக்கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, பிறகு சாவியைத் தரும். சீஷெல்ஸ் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். பழகியவர்களுக்கு அது விருந்து, புதியவர்களுக்கு ஏப்ரலும் அக்டோபர் கடைசியும் மேல். கரீபியனில் ஜூன் தொடங்கி நவம்பர் முடியப் புயல் பருவம்.

குளிர்கால விடுமுறைக்கு வந்தால் கதையே மாறுகிறது. ஜனவரி முதல் பாதியில் டெல்லிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அப்போது வடகிழக்குக் காற்று மலாய் தீபகற்பத்தைத் தாண்டி வருவதால், அதன் மேற்குக் கரையில் அலை எழும்பாமல் காற்று மட்டும் கிடைக்கும். லங்காவியும் புக்கெட்டும் பாய்மரக்காரர்களின் ஊராக ஆனதற்குக் காரணம் இதுதான். புக்கெட்டின் கிங்ஸ் கப் போட்டி 1987 முதல் டிசம்பரில்தான் நடக்கிறது. அந்தமானுக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், ஆனால் நவம்பர், டிசம்பரில் வங்கக்கடல் புயல்களை நினைவில் வையுங்கள். இன்னொன்று, ஜனவரியில் டெல்லி மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். படகைக் கையில் வாங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

இப்போது காகிதம். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவைத் திறந்தன. இத்தகைய சலுகைகளின் கெடுவும் நாள் கணக்கும் மாறிக்கொண்டே இருப்பவை, பணம் கட்டும் முன் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். விமானத்தில் வருகிறவருக்கும் படகில் வருகிறவருக்கும் நடைமுறை வேறு. லங்காவியில் கிளம்பி தாய்லாந்துக் கடலுக்குள் போவதானால், குவாவிலோ தெலாகாவிலோ வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். புக்கெட் போனதும் சாலோங்கில் குடிவரவு, சுங்கம், துறைமுகம் என்று மூன்று மேசைகளிலும் படகின் பதிவுச் சான்றும் ஆட்கள் பட்டியலும் காட்ட வேண்டும். முதல் பயணத்தில் எல்லை தாண்டாதீர்கள். லங்காவி ஒன்றே 99 தீவுகள் கொண்ட கூட்டம். ஒரு வாரம் போதாது. நம் நாட்டுக்குள்ளேயே லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானின் பொதுவான தீவுகளுக்கு வேண்டாம், ஆனால் பழங்குடிக் காப்பிடங்களின் பக்கம் படகைத் திருப்பவே கூடாது. வடக்கு சென்டினலைச் சுற்றி ஐந்து கடல்மைல் வரை நெருங்கத் தடை.

வரைபடத்தில் தீவுகளைக் கோர்க்கும்போது பேராசை வரும். நாற்பது அடிப் படகு சராசரியாக மணிக்கு ஐந்து கடல்மைல் போகும், அதாவது ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். நாளொன்றுக்கு இருபது கடல்மைல் என்றால் நாலு மணி நேரம். அதற்கு மேல் திட்டமிட வேண்டாம். மாலை நாலு மணிக்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் பவளப்பாறை தண்ணீருக்கடியில் பழுப்பாகக் கண்ணுக்குத் தெரியும். ஐந்து மீட்டர் ஆழத்தில் நிற்கிறீர்களா? சங்கிலியை இருபத்தைந்து மீட்டராவது விடுங்கள். சங்கிலி தரையில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் மணலைக் கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். பவளத்தின் மேல் மட்டும் நங்கூரத்தைப் போடவே போடாதீர்கள். பூங்காப் பகுதிகளில் அதற்கென்றே மிதவைகள் கட்டியிருப்பார்கள், கயிற்றை அதில் மாட்டுங்கள். ஒரு நங்கூரம் ஒரு நிமிஷத்தில் நொறுக்கும் பவளம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சுக்கானை யார் பிடிப்பது? குடும்பத்தில் ஒருவராவது கற்றுக்கொண்டு போனால் பயணத்தின் சுவையே வேறு. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஊருக்குப் போகும் விடுமுறையில் அங்கே பயிற்சி பற்றி விசாரியுங்கள். ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை நேத்ரா குமணன் சென்னைக்காரர். கடற்படையின் தாரிணி படகில் இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பியவர்களில் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர், இன்னொருவர் கோழிக்கோட்டின் தில்னா. டெல்லிக்குப் பக்கத்திலேயே பாயைப் பார்க்க வேண்டுமானால் நைனிடால் ஏரிக்குப் போகலாம். கற்றுக்கொள்ள நேரமில்லையென்றால் தயங்காமல் சம்பளத்துக்கு ஒரு கேப்டனை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை, முதல் பயணத்துக்கு அதுவே புத்திசாலித்தனம்.

வாடகை ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். சாணக்யபுரிக்கே பேர் கொடுத்த சாணக்கியர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரத்தில் கப்பல் அதிகாரியின் கடமைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புயலில் அடிபட்டு வரும் கப்பலைத் தகப்பனைப் போல ஆதரிக்க வேண்டும், தண்ணீர்பட்ட சரக்குக்குச் சுங்கத்தைத் தள்ளவோ பாதியாக்கவோ வேண்டும், ஆள் போதாமலோ பழுது பார்க்காமலோ படகு மூழ்கினால் நட்டத்தை அந்த அதிகாரியே ஈடுகட்ட வேண்டும் என்கிறது அது. இன்றைய ஒப்பந்தங்கள் இவ்வளவு தாராளமானவை அல்ல. முன்பணமாகப் பிடிக்கும் பெரிய தொகை எந்தச் சேதத்துக்குக் கழியும், பழைய பழுதுக்கு யார் பொறுப்பு, புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, எஞ்சின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று நாலையும் எழுத்தில் வாங்குங்கள். படகைக் கையில் வாங்கும்போது அடிப்பகுதி, பாயின் தையல், சங்கிலி, உயிர்காக்கும் அங்கிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். குழந்தைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று போட்டே பாருங்கள். பெரியவர் அங்கி சின்னப் பிள்ளையின் தலைவழியே உருவிக்கொண்டு போய்விடும்.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. சாட்டிலைட் போனையும், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவிகளையும் ஆன்லைனில் பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டெல்லி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அவற்றை வைத்திருப்பதே குற்றம், விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளும் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் அங்கே போய்ப் படகோடு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். படகிலேயே விஎச்எஃப் ரேடியோ இருக்கும். ஆபத்து அழைப்புக்கு 16ஆம் சேனல். அதை எப்படி அழுத்திப் பேசுவது என்பதை, கரையை விட்டுக் கிளம்பும் முன், படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள், பத்து வயதுப் பிள்ளை உட்பட.