பின்வரிசையிலிருந்து ஒரு வக்கீல்: கொச்சியின் ஏ.பி. சேலம்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே ஒரு சாலைக்கு ‘ஏ.பி. சேலம் சாலை’ என்று பெயர். நம் மாங்கனி நகரம் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்ற யூத வக்கீலின் பெயர் அது. எர்ணாகுளத்தில் தொழில் செய்தவர் என்றாலும், பட்டப் படிப்பையும் சட்டப் படிப்பையும் முடித்தது நம் சென்னையில்தான்.

யூதர் என்ற சொல் காதில் விழுந்தாலே நம் வீடுகளில் பேச்சு ஃபலஸ்தீனத்துக்குப் போய்விடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் நமக்குப் பக்கத்து மாநிலத்தில், சிறுபான்மைக்குள் சிறுபான்மையாகப் பிறந்த ஒருவர் தன் சொந்த ஜமாஅத்தோடு எப்படிப் போராடினார் என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக், அதாவது யூதர்களின் தொழுகை இடம், 1568-இல் கட்டப்பட்டது. அரண்மனைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டும் வேறு நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் ‘பரதேசி யூதர்’, பேச்சுவழக்கில் வெள்ளை யூதர். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக மலபாரில் இருந்தவர்கள் கறுப்பு யூதர் எனப்பட்டார்கள். இவர்கள் இருவருக்கும் கீழே ஒரு மூன்றாம் பிரிவு: ‘மெஷுக்ராரிம்’. எபிரேய மொழியில் ‘விடுவிக்கப்பட்டவர்கள்’ என்று பொருள். அரபியில் ‘ஹுர்’ என்கிறோமே, அதற்கு உறவுக்காரச் சொல். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களும் அதே வேதத்தை ஓதினார்கள், அதே நோன்புகளை நோற்றார்கள். ஆனால் சினகாக்கின் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. வாசல் பக்கத்தில் ஒதுங்க வேண்டும். வேதம் வாசிக்க அழைக்க மாட்டார்கள். சம்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்க்கச் சட்டம் அப்படிச் சொன்னதா என்றால், இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். டேவிட் இப்னு சிம்ரா என்ற பெரிய ரப்பி பதில் எழுதினார். சடங்குமுறைப்படி நீராடி மார்க்கத்தில் சேர்ந்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தடையில்லை என்பது அவர் தீர்ப்பு. நம் வழக்கில் சொன்னால் ஃபத்வா வந்துவிட்டது. அமல்தான் நடக்கவில்லை. அதன்பின் 300 ஆண்டுகளுக்கும் மேலாக வாசல் பக்கம் வாசல் பக்கமாகவே இருந்தது.

சேலம் அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். வக்கீல் ஆனார், 1925 முதல் 1931 வரையும் பிறகு 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். படகுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க உதவினார். 1929 டிசம்பரில் முழு விடுதலை கேட்டுத் தீர்மானம் போட்ட லாகூர் காங்கிரஸுக்கும் போய் வந்தார். ஊருக்கே நியாயம் பேசியவருக்குத் தன் தொழுகை இடத்தில் உட்கார இடமில்லை!

அவர் எடுத்த ஆயுதம் சத்தியாக்கிரகம். சில காலம் சினகாக்குக்குப் போகாமல் புறக்கணித்தார். பிறகு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், கூடாது என்ற இடத்திலேயே உட்கார்ந்தார். கோர்ட்டுக்கு இழுக்கத் தெரிந்த மனிதர் ஜமாஅத்துக்கு உள்ளேயே இருந்து போராடினார். பிரிந்து போய்த் தனியாகத் தொழும் முயற்சியை அவருக்கு முந்தைய தலைமுறை 19-ஆம் நூற்றாண்டிலேயே கோட்டைக் கொச்சியில் செய்து பார்த்துவிட்டது. அது நிலைக்கவில்லை. 1930-களில் தடைகள் தளர்ந்தன, 1940-களில் வேதம் வாசிக்கும் உரிமையும் வந்தது. கடைசிப் பூட்டு கல்யாணம். 1950-இல் அவர் மகன் பால்ஃபர், வெள்ளை யூதர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். ஊரில் பெரும் எதிர்ப்பு. பெஞ்சை விட்டுக்கொடுத்தவர்களுக்கும் பெண் கொடுப்பது கசந்தது.

மகன் பெயரைக் கவனித்திருப்பீர்கள். சேலம் பின்னாளில் சியோனிசத்தின் பக்கம் சாய்ந்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. 1933-இல் ஃபலஸ்தீன் சென்று வந்தார். யானைக்கால் நோய் பரவும் என்று பயந்து கொச்சி யூதர்களைச் சேர்க்க இஸ்ரேல் தயங்கியபோது, 1953-இல் அவர்களுக்காகப் பேசப் போனவரும் இவரே. அங்குள்ள அரபு மக்களின் இழப்பு அந்தக் கணக்கில் வரவில்லை. இது நாம் அவரோடு உடன்பட முடியாத இடம். சமூகம் பெரும்பாலும் கப்பலும் விமானமும் ஏறிப் போனபின்பு, அவர் கொச்சியிலேயே இருந்து 1967-இல் இறந்தார்.

எல்லா யூதரும் ஒரே பக்கம் நின்றதில்லை என்பதற்கு தென்னாப்பிரிக்கா சாட்சி. நிறவெறிக்கு எதிரான ரிவோனியா வழக்கில் 1964-இல் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்றவர்களில் அஹ்மத் கத்ரடா என்ற முஸ்லிமும் டெனிஸ் கோல்ட்பர்க் என்ற யூதரும் உண்டு. சிறையிலும் நிறம் பார்த்தார்கள்: கத்ரடா ராபன் தீவுக்கு, வெள்ளையர் என்பதால் கோல்ட்பர்க் பிரிட்டோரியாவுக்கு. அங்கே அதே போராட்டத்தில் நின்ற யூதரான ரோனி காஸ்ரில்ஸ், பின்னாளில் அமைச்சரான பிறகும் ஃபலஸ்தீனர்களுக்காக உரத்துப் பேசினார்.

இனி நம் பக்கம். கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்லும்படி பிலால் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கட்டளையிட்ட வரலாறு நம் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஸஃப்பில் நமக்குள் வேற்றுமை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் ராமநாதபுரம், நெல்லை, வாணியம்பாடி என்று பல ஊர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம். மாப்பிள்ளை பார்க்கும்போதுதான் ராவுத்தரா, லெப்பையா, உருது பேசுகிறவர்களா என்ற விசாரணை தொடங்குகிறது. அதைவிடக் கடினம், புதிதாகக் கலிமா சொல்லி வந்த குடும்பத்துப் பெண்ணின் நிலை. “நல்ல பிள்ளைதான், ஆனால்…” என்று இழுத்துவிட்டுப் போன வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. முடி திருத்தும் தொழில் செய்தவரின் பேரன் இன்ஜினீயர் ஆனாலும் தாத்தாவின் கத்தரிக்கோலை நினைவு வைத்திருக்கிறார்கள். கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களை நாம் எந்த முகத்தோடு குறை சொல்வது?

லீவில் கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரி வரை போய் வாருங்கள். சினகாக்கைச் சனிக்கிழமை பார்க்க முடியாது. திறந்திருக்கும் நாட்களில் நம் பள்ளியைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள் பதித்திருப்பார்கள். வாசல் பக்கத்தைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று, சேலத்தின் முன்னோர்கள் ஒதுங்கி நின்ற இடம் இது என்று கூட வரும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.