சாயத்திற்கு உதவும் கேந்திப்பூ

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிக்கும் மல்லிகைக்கும் உள்ள மதிப்பு கேந்திக்கு இல்லை. ஓணத்தை ஒட்டிய பத்து நாட்களில் கேரள வியாபாரிகள் போட்டியிட்டு வாங்கும் இதே பூ, திருவோணம் கழிந்தபின் கேட்பாரின்றிக் கிடப்பதுண்டு. பறித்தால் பறிப்புக் கூலிக்குக் கட்டாது. பறிக்காமல் விட்டாலோ செடியில் அடுத்த மொட்டுகள் குறைந்துவிடும். இத்தகைய நாட்களில் பூவை உலர்த்தித் துணிச் சாயத்திற்கு விற்க இயலுமா என்பதை இங்கு காண்போம். இயலும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே இறங்க வேண்டும்.

பிற மாவட்டங்களில் செண்டுமல்லி, துலுக்கச் செவ்வந்தி என்று வழங்கப்படும் பூவே நம் பகுதியில் கேந்தி, கிரேந்தி எனப்படுகிறது. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடி இது.

சாயப்பயிர் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சிவப்பிற்குச் சாயவேரும் நீலத்திற்கு அவுரியும் நம் மக்கள் நெடுங்காலம் பயன்படுத்தியவை. 1856இல் இங்கிலாந்தில் பெர்கின் என்பவர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868இல் வேர்களிலிருந்து பெறப்பட்டு வந்த செஞ்சாயப் பொருளான அலிசரின் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. வயலில் விளைந்த சாயம் இவ்வாறு தொழிற்சாலைக்குப் போயிற்று. புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை விதித்தது. அதன்பின் இயற்கைச் சாயத்திற்குச் சிறிதளவு கிராக்கி மீண்டும் எழுந்துள்ளது. நமக்கு அருகிலுள்ள பாலராமபுரம் கைத்தறி ஊரிலேயே மூலிகைச் சாயமேற்றிய துணிகள் நெய்யப்பட்டுள்ளன. எனினும் இது சிறிய சந்தை என்பதை மறக்கலாகாது.

எந்தப் பூ சாயம் தரும்?

கண்ணைப் பறிக்கும் பூவெல்லாம் சாயம் தருவதில்லை. வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் கொதிக்க வைத்தால் நீர் அழகாகச் சிவக்கும். துணியில் ஏற்றினாலோ சில சலவையிலும் வெயிலிலும் வெளிறிவிடும். சங்குப்பூவின் நீலமும் அப்படியே. இவற்றிலுள்ள நிறமிகள் பருத்தி நூலை உறுதியாகப் பற்றுவதில்லை. குசும்பாப் பூ பெயர்பெற்ற சாயப்பூதான். ஆனால் அது வறண்ட, குளிர்ந்த பருவத்தை விரும்பும் பயிர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் மாவட்டத்தில் அழுகிவிடும். ஆரஞ்சு நிறக் காஸ்மாஸ் நல்ல சாயம் தரும், வளர்ப்பதும் எளிது. பூ சிறியதாகையால் பறிப்புக் கூலி கையைக் கடிக்கும்.

கேந்தியில் இரண்டு வகை நிறமிகள் உள்ளன. லூட்டின் என்பது எண்ணெயில் கரைவது. கோழித் தீவனத்தில் சேர்ப்பதற்காக இதைத் தொழிற்சாலைகளில் பிரித்தெடுக்கிறார்கள். சத்தியமங்கலம் பகுதியில் ஒப்பந்த முறையில் கேந்தி பயிரிடப்பட்டது இதற்காகவே. துணிக்கு உதவுவது குவர்செடாஜெடின் என்ற, வெந்நீரில் இறங்கும் மஞ்சள் நிறமி. ஆகவே ஆரஞ்சுப் பூ ஆரஞ்சுத் துணியைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மஞ்சளோ ஆரஞ்சோ, சாயத்தொட்டியில் இரண்டும் மஞ்சள், பொன்மஞ்சள் நிறங்களையே தரும்.

பயிர் முறை

சாயத்திற்கென்று தனியே பயிரிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. சந்தைக்கெனப் பயிரிட்டு, மிஞ்சுவதைச் சாயத்திற்கு ஒதுக்குவதே நலம். ஓணத்தின் தேதி ஆண்டுதோறும் மாறுவதால் அதிலிருந்து 95 நாட்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு நாற்றங்கால் விட வேண்டும். 10 சென்ட் நிலத்திற்கு 60 கிராம் விதை போதும். 30 நாள் நாற்றை 45 செ.மீ. × 35 செ.மீ. இடைவெளியில் நட்டால் சுமார் 2,500 செடிகள் பிடிக்கும். அடியுரமாக 1 டன் தொழு உரம், 4 கிலோ யூரியா, 22 கிலோ சூப்பர் பாஸ்பேட், 5 கிலோ பொட்டாஷ் இட வேண்டும். நட்ட 30ஆம் நாள் நுனி கிள்ள வேண்டும். 45ஆம் நாள் மேலும் 4 கிலோ யூரியா இட்டு மண் அணைக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று செடிகளைச் சாய்த்துவிடும் என்பதால் மண் அணைப்பை ஒத்திப் போடலாகாது. நட்ட 60ஆம் நாள் முதல் மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறிக்கலாம். நன்கு பராமரித்த 10 சென்ட் விளையில் மொத்தம் 700 கிலோ வரை பூ கிடைக்கும்.

பூக்கத் தொடங்கிய பின் தாமிரம் கலந்த பூசணக்கொல்லி தெளித்த செடியின் பூவைச் சாயத்திற்குக் கொடுக்க வேண்டாம். தாமிரம் சாயத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

கணவாய்க் காற்றே உலர்த்தும் கருவி

செடியைச் சாய்க்கும் அதே காற்று உலர்த்துவதற்குப் பெரும் துணை. மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் ஆனி, ஆடி மாதங்களில் மழை பெய்துகொண்டிருக்கும்போதும் இக்கணவாயை ஒட்டிய ஊர்களில் காற்று வறண்டே வீசும். முழுப்பூவை அப்படியே உலர்த்தினால் அடிப்பகுதியில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இதழ்களை உதிர்த்து, பச்சைக் காம்பை நீக்கி, நிழலில் துணிமேல் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். காய்ந்த இதழ் பறந்துவிடும். பழைய கொசுவலையை மேலே போர்த்தி ஓரங்களில் கல் வைக்கலாம். கையில் கசக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும் பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி இருட்டறையில் வைக்க வேண்டும்.

இனி அந்தக் கணக்கு. 1 கிலோ உலர்ந்த பூவிற்கு 8 முதல் 10 கிலோ பச்சைப் பூ தேவை. பச்சைப் பூ கிலோ 5 ரூபாய்க்கு விற்கும் நாளில், உலர்பூவில் பூவின் மதிப்பு மட்டும் 40 முதல் 50 ரூபாய். இதழ் உதிர்க்கும் கூலி தனி. பச்சைப் பூ 40 ரூபாய்க்கு விற்கும்போது அதுவே 400 ரூபாயைத் தொடும். அன்று பூவைச் சந்தைக்கு அனுப்புவதே அறிவுடைமை. சாயமிடுவோர் உலர்பூவிற்கு என்ன விலை தருவார்கள் என்று முதலில் கேட்டு, கூலியைக் கழித்து, மீதியைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை அந்தத் தொகைக்குக் கீழே இறங்கும் நாட்களில் மட்டும் உலர்த்தினால் போதும்.

விற்குமுன் சோதனை

வாங்குபவர் கேட்கும் முன்பே நம் சரக்கின் தரம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் பருத்தித் துணியைச் சோப்பும் சலவைச் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்துக் கஞ்சி நீக்குங்கள். 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தி, பின் 20 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். 100 கிராம் உலர்ந்த இதழை எவர்சில்வர் பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்காமல், முக்கால் மணி நேரம் காய்ச்சி வடிகட்டி, அந்நீரில் துணியை ஒரு மணி நேரம் சூடாக வைத்திருந்து அலச வேண்டும். இரும்புச் சட்டி ஆகாது, மஞ்சள் பாசிப்பச்சையாகிவிடும். பாசிப்பச்சையே வேண்டுமென்றால் கடைசியில் 2 கிராம் அன்னபேதி சேர்க்கலாம். கழிவுநீரைச் சானலில் விடாதீர்கள்.

சாயமேறிய துணியில் ஒரு துண்டைக் கிழித்து, பாதியை அட்டையால் மூடிப் பத்து நாள் வெயிலில் தொங்கவிடுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு சாயத்தின் உறுதியை அறியலாம். இத்துண்டையும் அரைக் கிலோ உலர்பூவையும் மாதிரியாகக் கொண்டு சென்றால் பேரம் எளிதாகும். மஞ்சள் பூவையும் ஆரஞ்சுப் பூவையும் ஒரே சாக்கில் கலக்காமல், பறித்த மாதத்தைக் குறித்துத் தனித்தனியே கட்டி வையுங்கள்.